பிரேக் அக்கா தடைகளைத் தகர்த்த வரலாறு

முன்னோடிப் பெண்மணிகள் படநூல் வாரியத்தின் புத்தகங்களில் எந்தப் பெண்ணும் சும்மா பிறந்துவிட முடியாது. பிறக்கும்போதே கண்ணில் ஒரு பொறி இருக்க வேண்டும். அது இரண்டாம் பக்கம். நான்காம் பக்கத்தில் அவள் ஜன்னலோரம் நின்று கனவு காண்பாள். ஒன்பதாம் பக்கத்தில் ஊரே அவளைப் பார்த்துச் சிரிக்கும். பதினைந்தில் மழை பெய்யும், அவள் அழுவாள். மழைக்கும் கண்ணீருக்கும் ஒரே நீலம் போதும் என்பதால் அச்சகத்துக்கும் வசதி. இருபத்திரண்டில் தடைகளைத் தகர்த்தெறிவாள். முப்பதில் நட்சத்திரம். முப்பத்திரண்டில் வாரியத் தலைவரின் படமும் வாழ்த்துரையும். இந்த அட்டவணையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாரியத்தின் எல்லா அறைகளிலும் மாட்டியிருந்தார்கள். மாடிப்படித் திருப்பத்திலும் ஒன்று உண்டு.

இந்த அட்டவணையைப் பிடித்துக்கொண்டே பதினொரு புத்தகம் எழுதிக் கரையேறியவள் நம்முடைய எழுத்தாளர். முதல் பெண் விமானி, முதல் பெண் நீதிபதி, கடலுக்கடியில் முக்குளித்த முதல் பெண் என்று வரிசையாக எழுதித் தள்ளியிருந்தாள். அவர்களில் ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. அதில் ஒரு சௌகரியம், செத்துப்போனவர்கள் மறுப்புக் கடிதம் எழுத மாட்டார்கள். வீட்டுக்காரர் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ‘முப்பத்திரண்டு பக்கம்’. அதை அவள் செல்லப் பெயர் என்றே எடுத்துக்கொண்டாள்.

எட்டு வயது மகள் மட்டும் ஒருநாள் பதினொரு புத்தகத்தையும் தரையில் பரப்பிவைத்துக்கொண்டு கேட்டாள். “அம்மா, இது எல்லாமே ஒரே பொண்ணுதானே?”

“இல்லடா கண்ணு. பதினோரு பேரு.”

“இல்லம்மா. ஒரே பொண்ணுதான். தொப்பியை மட்டும் மாத்திக்கிட்டே இருக்கா.”

எழுத்தாளருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு பள்ளிக்கூட விழாவில், “எல்லாச் சாதனைப் பெண்களுக்குள்ளும் ஒரே ஆன்மாவைத்தான் குழந்தைகள் பார்க்கிறார்கள்” என்று பேசிக் கைதட்டு வாங்கிக்கொண்டாள். கூட்டம் முடிந்ததும் பிள்ளைகள் புத்தகத்தை நீட்டிக்கொண்டு கையெழுத்துக்கு வரிசையில் நின்றார்கள். அந்த வரிசை ஒன்றுதான் அவளுக்கு உயிர். அதை நினைத்தாலே முதுகு தானாக நிமிரும்.

பன்னிரண்டாவது புத்தகத்துக்காகத் தலைவர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். வாரியத்தில் மொத்தம் ஒன்பது பேர். ஒன்பது பேரும் ஆண்கள். பெண்களைப் பற்றி உணர்ச்சிவசப்படாமல் நடுநிலையாக யோசிக்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு என்று தலைவர் யார் கேட்டாலும் விளக்குவார், கேட்காவிட்டாலும் விளக்குவார்.

“விமானம், விண்வெளி எல்லாம் போட்டாச்சும்மா,” என்றார் தலைவர். “நம்மளை மேல்தட்டுன்னு பேசுறாங்க. இந்தத் தடவை உழைக்கிற முன்னோடி ஒருத்தர் வேணும். கொஞ்சம் அழுக்கா இருந்தா நல்லது. ஆனா பார்க்கச் சுத்தமான அழுக்கா இருக்கணும். கன்னத்துல ஒரு சின்னக் கரி, அவ்வளவு போதும்.”

பக்கத்தில் தடை அலுவலர் உட்கார்ந்திருந்தார். முன்னோடிப் பெண் ஒவ்வொருவருக்கும் குறைந்தது மூன்று தடைகள் இருந்தனவா என்று சரிபார்ப்பது அவர் பதவி. இரண்டரைத் தடை இருந்தாலும் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுவார். அவரையே ஒரு தடையாகக் கணக்கில் சேர்க்கலாமா என்று எழுத்தாளர் பலமுறை ஏங்கியதுண்டு. விதியில் இடமில்லை.

ஆள் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. பேருந்துப் பணிமனையில் பிரேக் பார்க்கும் முதல் பெண். அங்கே எல்லோருக்கும் அவர் பிரேக் அக்கா.

மறுநாள் காலை எழுத்தாளர் பணிமனைக்குப் போனபோது அக்கா ஒரு பேருந்துக்கு அடியில், பள்ளத்துக்குள் இருந்தார். மேலேயிருந்து பார்த்தால் ஒரு கைவிளக்கும், மூன்று மடிப்பு மடித்துவிட்ட நீலச் சட்டைக் கையும்தான் தெரிந்தன. பெண் அளவில் அங்கே சீருடை தைப்பதில்லை. இருபத்திரண்டு வருடமாக அந்தப் பள்ளம்தான் அவர் இடம். நாளொன்றுக்கு ஆறு வண்டி. சக்கரத்தைக் கழற்றி, உள்ளிருக்கும் பிரேக் டிரம்மைத் திறந்து, தேய்ந்த லைனிங் பட்டையை மாற்றி, மூடி, ஓட்டிப் பார்த்து அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வண்டி வாசலைத் தாண்டும்.

எழுத்தாளர் பள்ளத்து விளிம்பில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்துகொண்டாள்.

“அக்கா, சின்ன வயசுல என்ன கனவு கண்டீங்க?”

“கனவா? எனக்குப் படுத்தா விடிஞ்சாத்தான் முழிப்பு வரும். கனவெல்லாம் வந்ததில்லம்மா.”

“அந்தக் கனவு இல்லக்கா. பெரிய ஆளா வரணும்னு...”

“எங்க வீட்ல எல்லாரும் குள்ளம்மா.”

எழுத்தாளர் குறிப்பேட்டில் ‘ஜன்னல், கனவு’ என்று எழுதிக்கொண்டாள். அட்டவணையிலேயே இருக்கிறது, இவர் சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன.

“சரி, இந்த வேலைக்கு எப்படி வந்தீங்க?”

“வீட்டுலேருந்து நடக்குற தூரம். விளம்பரத்துல ஆம்பளைங்க மட்டும்னு போட மறந்துட்டாங்க. நான் விண்ணப்பம் போட்டேன். நேர்முகத்துல ஒரு நட்டைக் கழட்டச் சொன்னாங்க, கழட்டினேன்.”

“ஊரே உங்களைப் பார்த்துச் சிரிச்சிருக்குமே?”

“ஊருக்கு வேற வேலை இல்லையா?”

“கஷ்டம்னு எதுவுமே இல்லையாக்கா?” எழுத்தாளர் கெஞ்சவே ஆரம்பித்துவிட்டாள். வெறும் கையோடு போனால் தடை அலுவலர் முகத்தில் எப்படி விழிப்பது?

கைவிளக்கு கீழே இறங்கியது. அக்கா துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தார்.

“ஏன் இல்லாம? இங்க பொம்பளைங்களுக்குக் கக்கூஸ் கிடையாது. ஆறு வருஷம். மெயின் ரோட்டைத் தாண்டி டிக்கெட் ஆபீசுக்குப் போகணும். அதுக்குப் பயந்துக்கிட்டு தண்ணியே குடிக்க மாட்டேன். இந்தப் பள்ளத்துக்குள்ள, இந்தச் சூட்டுல. கிட்னியில கல்லு வந்து ஒரு மாசம் படுத்தேன். அப்புறம்தான் ஒண்ணு கட்டினாங்க. அதுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. பதினாறு வருஷமா ஒரு கயித்தைக் கட்டி, உள்ளேருந்து கையில பிடிச்சுக்கிறேன். அதை எழுதும்மா. யாராவது பெரியவங்க படிச்சா ஒரு தாழ்ப்பாளாவது வரும்.”

எழுத்தாளர் குறிப்பேட்டில் புதுப் பக்கம் திருப்பினாள். அத்தனையையும் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டாள். பதினொரு புத்தகத்தில் முதன்முறையாக அவள் பேனா ஒருத்தர் சொன்னதைக் கேட்டு எழுதியது.

தடை அலுவலர் அதைப் படித்துவிட்டு மூக்கைச் சுளித்தார்.

“கழிப்பறையா? குழந்தைங்க புத்தகத்துலயா?”

“அது நிஜம் சார்.”

“நிஜமா இருக்கலாம்மா. படம் எப்படிப் போடுறது? தடைன்னா ஒரு களை வேணாமா? மலை இருக்கலாம், புயல் இருக்கலாம், மீசை வெச்ச சித்தப்பா இருக்கலாம். கயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஒரு அம்மா உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்து எந்தக் குழந்தைக்கு ஊக்கம் வரும்? அதோட, தடைன்னா கடைசியில தகரணும். உங்க தாழ்ப்பாள் விவகாரம் இன்னும் தகரவே இல்லையே. நடப்பிலுள்ள தடைகளை நாங்க எடுத்துக்கிறதில்ல.”

இந்தச் சமயம் பார்த்துப் பணிமனையிலிருந்து கடிதம் வந்தது. வேலையில் இருப்பவரைப் பற்றிப் புத்தகம் போடுவதென்றால், தங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று அவருடைய அலுவலகம் எழுதித் தர வேண்டும். தடையில்லாச் சான்று என்று பெயர். வீடு கட்டினாலும் வெளியூர் போனாலும் ஆளாளுக்குக் கேட்கிற அதே காகிதம். பணிமனை மேலாளர் முறைப்படி எழுதியிருந்தார்: ‘மேற்படி பெண் பணியாளரைப் பொறுத்தவரை எவ்விதத் தடையும் இல்லை எனச் சான்றளிக்கப்படுகிறது.’

தடை அலுவலர் அதை மூன்று தரம் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுத்தாளரை இரக்கத்தோடு பார்த்தார்.

“பார்த்தீங்களா? தடையே இல்லைன்னு அவங்க ஆபீசே எழுதிக் கொடுத்திருக்கு. முத்திரையோட.”

“சார், அது ஆட்சேபணை இல்லைங்கிற அர்த்தத்துல...”

“எனக்குத் தமிழ் தெரியாதா? இருபது வருஷமா தடையிலேயே குடியிருக்கேன். எத்தனையோ முன்னோடிங்க கோப்பு இந்தக் கையால போயிருக்கு. தடை இல்லைன்னு எழுத்துல வாங்கிட்டு வந்த முதல் பெண் இவங்கதான்.”

“முதல் பெண்ணுன்னா, அப்ப முன்னோடிதானே சார்?”

அலுவலர் சற்று ஆடித்தான் போனார். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக் கணக்குப் பார்த்துவிட்டு, “அதுக்கு அட்டவணை இல்ல,” என்று கோப்பை மூடினார்.

விவகாரம் தலைவரிடம் போனது. தலைவர் கைப்பிரதியைப் புரட்டிப் பார்த்தார். பக்கத்துக்குப் பக்கம் பிரேக், பிரேக், பிரேக்.

“இதென்னம்மா அந்நியச் சொல்? பிஞ்சு நாக்குல இது படலாமா? வண்டியைத் தடுக்கிறது எதுவோ அது தடை. பிரேக்னு வர்ற இடத்துல எல்லாம் தடைன்னு போடு. மொழியும் சுத்தமாச்சு, தடையும் கிடைச்சாச்சு.”

ஒரே கல்லில் இரண்டு மாங்காய். தடை அலுவலர் பென்சிலோடு உட்கார்ந்து எண்ணினார். நாற்பத்தொரு தடை. வாரிய வரலாற்றிலேயே இத்தனை தடைகளைக் கண்ட பெண் கிடையாது. அவர் எழுந்து நின்று கோப்பில் கையெழுத்துப் போட்டார்.

இனி நடந்ததற்கு வாரியத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, அது முழுக்க எழுத்தாளரின் சொந்தக் கைங்கரியம். இருபத்திரண்டாம் பக்கத்தை அவள் எந்தப் புத்தகத்துக்கும் புதிதாக எழுதியதில்லை. விமானியிடமிருந்து நீதிபதிக்கும், நீதிபதியிடமிருந்து முக்குளித்தவருக்கும் அப்படியே எடுத்து ஒட்டுவாள். இந்த முறையும் ஒட்டினாள். உள்ளூர் வாசனைக்காக இரண்டு மூன்று சொற்களை மட்டும் சேர்த்தாள். வாக்கியம் இப்படி நின்றது: ‘அஞ்சா நெஞ்சத்துடன், நாள்தோறும் ஆறு பேருந்துகளின் தடைகளைத் தகர்த்தெறிந்தார்!’ குழந்தைகளுக்கு விளங்காமல் போய்விடுமோ என்ற அக்கறையில் கடைசியில் அருஞ்சொற்பொருளும் கொடுத்தாள்: ‘தடை – பிரேக்.’ ஓவியர் தன் பங்குக்கு அக்கா கையில் ஒரு பெரிய சுத்தியலைக் கொடுத்து, சுற்றிலும் தீப்பொறி பறக்கவிட்டார்.

பிரதி சரிபார்க்கப் பணிமனைக்குப் போனது. மேலாளர் எதையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறவர். முதலில் அருஞ்சொற்பொருளைப் படித்தார். பிறகு இருபத்திரண்டாம் பக்கத்துக்கு வந்தார்.

அன்று மதியமே அக்காவுக்கு ஓலை வந்தது. ‘தாங்கள் நாள்தோறும் ஆறு பேருந்துகளின் பிரேக்குகளைத் தகர்த்தெறிந்து வருவது அச்சிடப்பட்ட ஆவணத்தின் மூலம் தெரியவருகிறது. அஞ்சா நெஞ்சத்துடன் என்ற சொற்கள் இது கவனக்குறைவால் நேர்ந்ததல்ல என்பதைக் காட்டுகின்றன. விசாரணை முடியும்வரை தாங்கள் பிரேக் பகுதிக்குள் நுழையக் கூடாது.’ பள்ளத்திலிருந்து அவரை ஏற்றி, பயணிகள் தொலைத்துவிட்டுப் போன சாமான்களை வைக்கும் அறையில் உட்காரவைத்தார்கள். குடைகளும் ஒற்றைச் செருப்புகளும் அவருக்குத் துணை.

அக்கா போன் செய்தபோது எழுத்தாளர் பதின்மூன்றாவது புத்தகத்துக்கு ஜன்னல் எழுதிக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, நான் உனக்கு என்ன பாவம் பண்ணேன்? தாழ்ப்பாள் இல்லைன்னு எழுதச் சொன்னா பிரேக்கை உடைச்சேன்னு எழுதி வெச்சிருக்கியே!”

“ஐயோ அக்கா, அது உருவகம்...”

“எந்த வண்டியில இருக்கு அந்தப் பாகம்? நான் பார்த்ததே இல்லையே.” அக்காவுக்கு மூச்சு வாங்கியது. “நான் குடையை எண்ணிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். அது போகட்டும். என் வண்டிங்களை இப்ப ஸ்டோர்ல இருக்கிற ஒருத்தர் பார்க்கிறாரு. அவருக்கு லைனிங்ல எது உள்பக்கம், எது வெளிப்பக்கம்னே தெரியாது. நேத்து ரெண்டு வண்டி ஸ்டாப்பைத் தாண்டிப் போய் நின்னுச்சு. நாளைக்கு எங்க போய் நிக்கும்? அதுல பிள்ளைங்க பள்ளிக்கூடம் போகுதும்மா.”

அந்தப் பிள்ளைகளில் ஒன்று அவளுடையது. போட்டது போட்டபடி வாரியத்துக்கு ஓடினாள்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் தடை அலுவலரின் முகம் மலர்ந்துவிட்டது.

“வேலையிலிருந்து தூக்கிட்டாங்களா? குடைங்களுக்கு நடுவுல உட்கார வெச்சிருக்காங்களா? அம்மா, இதுதான் தடை! அசல் தடை! படமும் போடலாம்.” உடனே ஓவியரைக் கூப்பிட்டு, மழை பெய்கிற நாளாகப் பார்த்துப் போய் அக்கா அழுவதை வரைந்துவரும்படி அனுப்பினார். அக்கா அழவில்லை என்றால் காத்திருக்கச் சொன்னார்.

தலைவர் ஒரு கேள்விதான் கேட்டார். “விசாரணை எத்தனை நாள் இழுக்கும்? ஆறு மாசம் இழுத்தா ரெண்டு பாகமாப் போட்டுடலாம்.”

“சார், வாக்கியம் தப்புன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. அவங்களை மறுபடி வேலைக்கு விட்டுருவாங்க.”

“தப்பா? நம்ம புத்தக வரிசைக்கு என்ன பேரு? உண்மை வாழ்க்கை வரிசை. பேர்லயே உண்மை இருக்கும்போது உள்ள எப்படித் தப்பு வரும்?” தலைவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அம்மா, உங்க நல்லதுக்குச் சொல்றேன். ஒரு பக்கம் தப்புன்னா அதே பக்கம்தான் பதினோரு புத்தகத்துலயும் இருக்கு. எல்லாத்தையும் திரும்ப வாங்கணும். பள்ளிக்கூடத்துல உங்களை யாரு கூப்பிடுவா? அந்தப் பிள்ளைங்க வரிசையை நினைச்சுப் பாருங்க.”

எழுத்தாளர் நினைத்துப் பார்த்தாள். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்ல வேண்டும்: வீடு போய்ச் சேர்கிறவரை அந்த வரிசையை மட்டும்தான் நினைத்தாள். அக்காவை நினைக்கவில்லை. மறுநாள் காலை மகளைப் பேருந்தில் ஏற்றிவிட நின்றபோதுதான், வண்டி நிறுத்தத்தைத் தாண்டிப் பத்தடி தள்ளிப்போய் நின்றதைப் பார்த்தாள். மகள் சிரித்துக்கொண்டே ஓடிப்போய் ஏறினாள். எழுத்தாளருக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றுதான் விசாரணை. மேலாளர் அறையில் மேசைமேல் படநூல் விரித்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு பக்கம் அக்கா, இன்னொரு பக்கம் வாரியத் தலைவரும் தடை அலுவலரும், நடுவில் எழுத்தாளர்.

மேலாளர் படத்தின்மேல் விரலை வைத்தார். “இந்தச் சுத்தியல் டிப்போ சுத்தியலா, வெளிச் சுத்தியலா?”

“என்கிட்ட அவ்வளவு பெரிய சுத்தியலே கிடையாதுங்க சார்,” என்றார் அக்கா.

“அச்சுல வந்திருக்கே.”

“சார், நீங்க தினமும் ஏழாம் நம்பர் வண்டியிலதானே வேலைக்கு வர்றீங்க? இருபத்திரண்டு வருஷமா நான் பிரேக்கை உடைச்சிருந்தா நீங்க எப்படி இங்க வந்து உட்கார்ந்திருப்பீங்க?”

மேலாளர் யோசித்தார். “அது என்னோட நல்ல நேரமா இருக்கலாம். என் நல்ல நேரத்தை நீங்க சாட்சிக்கு இழுக்கக் கூடாது.”

தலைவர் எழுந்து தொண்டையைச் செருமினார். “வாரியத்தின் நிலைப்பாட்டைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். இந்த அம்மையாரை நாங்கள் தெய்வமாக மதிக்கிறோம். அவர் தடைகளைத் தகர்த்தார் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. வாக்கியத்துக்கு வாரியம் பொறுப்பு. வாக்கியத்தின் பொருளுக்குப் பொறுப்பேற்க இயலாது.”

“இவங்க நிரபராதின்னு தெரிஞ்சாலும்,” என்று தடை அலுவலர் இடையில் புகுந்தார், “தயவுசெஞ்சு படம் முடியறவரைக்கும் அறிவிக்காதீங்க சார். இவங்க இன்னும் அழவே இல்ல.”

அக்கா எழுத்தாளரைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். லேட்டாக வருகிற ஒருத்திக்காக நிறுத்தத்தில் நிற்கிற மாதிரி, அவ்வளவு பொறுமையாகப் பார்த்தார்.

“சார், அந்த வாக்கியத்தை நான்தான் எழுதினேன்,” என்று எழுத்தாளர் எழுந்தாள். “எழுதினேன்னுகூடச் சொல்ல முடியாது. பழைய புத்தகத்துலேருந்து எடுத்து ஒட்டினேன். இவங்க அப்படிச் சொல்லவே இல்ல. கனவு கண்டாங்கன்னு எழுதியிருக்கேன், அதுவும் பொய். ஊர் சிரிச்சதும் பொய். இவங்க சொன்ன நிஜத்தை எல்லாம் விட்டுட்டேன். இதுக்கு முன்னாடி எழுதின பதினொண்ணும் இதே லட்சணம்தான்.”

தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். மேலாளர் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். “வாயால சொன்னா ஆகாது. எழுத்துல கொடுங்க.”

பேனாவை எடுத்தாள். பழக்கதோஷம், கை தானாக ‘சிறுவயது முதலே’ என்று ஆரம்பித்தது. அடித்தாள். ‘ஓர் ஊரில்’ என்று வந்தது. அதையும் அடித்தாள். முப்பத்திரண்டு பக்கம் எழுதுகிற கைக்கு அரைப் பக்கம் எழுத முக்கால் மணி நேரம் பிடித்தது. கடைசியில் வந்தது இவ்வளவுதான்:

‘இவர் பேருந்துகளின் பிரேக்கைப் பழுது பார்ப்பவர். எதையும் தகர்த்ததில்லை. இவர் பார்த்த வண்டிகள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றன. வேலைக்கு வந்து ஆறு வருடம் இவருக்குக் கழிப்பறை இல்லை. பதினாறு வருடமாக அதற்குத் தாழ்ப்பாள் இல்லை. இது தவிர அந்தப் புத்தகத்தில் உள்ளவை நான் கட்டிவிட்டவை.’

மேலாளர் நிதானமாக, கீழிருந்து மேலாகப் படித்தார். “தாழ்ப்பாள் இல்லையா?”

“இல்லைங்க சார். நாலு தடவை எழுதிக் கொடுத்திருக்கேன்.”

“நீங்க எழுதிக் கொடுத்தது விண்ணப்பம். அது கோப்புல போயிடும். இது வாக்குமூலம். இதுக்கு நான் பதில் சொல்லியாகணும்.” மேலாளர் வருத்தத்தோடு மணியை அடித்தார்.

தாழ்ப்பாள் மறுநாள் வந்தது. பதினொரு புத்தகத்தால் உலகத்தில் ஒரு திருகாணிகூட அசைந்ததில்லை. அடித்தல் திருத்தலோடு எழுதிய அந்த அரைப் பக்கத்தால் நான்கு திருகாணி முறுக்கினார்கள். அக்கா பள்ளத்துக்குத் திரும்பினார். புத்தகங்களை வாரியம் ஓசைப்படாமல் திரும்ப வாங்கிக்கொண்டது. பள்ளிக்கூடங்கள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டன. எழுத்தாளர் ஒரு வாரம் அழுதாள். ஜன்னல் இருந்தது, மழைதான் இல்லை.

எட்டாம் நாள் மன்னிப்புக் கேட்கப் பணிமனைக்குப் போனாள். என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். அக்கா அதைக் கேட்கிற நிலையில் இல்லை. ஸ்டோர்க்காரர் கைவைத்த வண்டிகள் வரிசையாக நின்றன.

“வந்துட்டீங்களா? நல்லதாப் போச்சு. மேல ஏறி ஓட்டுநர் சீட்டுல உட்காருங்க. நான் மிதின்னா பிரேக்கை மிதிக்கணும், விடுன்னா விடணும். தெரியும்ல?”

ஏறி உட்கார்ந்தாள். பெரிய வேலை ஒன்றுமில்லை. அக்கா கீழிருந்து, “மிதிங்க!” என்பார். மிதிப்பாள். கீழே விளக்கு அசையும், ஸ்பேனர் திரும்பும். “விடுங்க!” விடுவாள். ஒரு சக்கரம் முடிந்து அடுத்த சக்கரத்துக்குப் போனார்கள். காலில் ஷூ கடித்தது. ஆனாலும் அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. தான் சரியாகச் செய்கிறோமா என்பது உடனுக்குடன் தெரிந்துவிடுகிற வேலையை அவள் அதுவரை செய்ததே இல்லை.

“மிதிங்க!”

மிதித்தாள். அப்போது போன் அடித்தது. வாரியத் தலைவர்.

“வாழ்த்துகள்மா! வாரியம் ஒருமனதாத் தீர்மானம் போட்டிருக்கு. தான் எழுதினது பொய்னு எழுத்துல கொடுத்த முதல் பெண் எழுத்தாளர் நீங்கதான். ஆண்கள்ல தேடிப் பார்த்துட்டோம், ஒருத்தர்கூட இல்ல. பன்னிரண்டாவது புத்தகம் உங்களைப் பத்தித்தான்! பள்ளிக்கூடங்களுக்குச் சொல்லியாச்சு. வரிசை பழையபடி நிக்கும். இப்ப எங்க இருக்கீங்க?”

“பஸ்ல சார். பிரேக்கை மிதிச்சுக்கிட்டு இருக்கேன்.”

அந்தப் பக்கம் தலைவரின் குரல் தழுதழுத்தது. “தடையைக் காலால் மிதித்து... யோவ், எழுதிக்கோய்யா, இருபத்திரண்டாம் பக்கம்! அற்புதம்மா. சின்ன வயசுல உங்க வீட்டுல ஜன்னல் இருந்துச்சா?”

உண்மையைச் சொல்ல வேண்டும். எழுத்தாளரின் முதுகு நிமிர்ந்தது. அட்டையில் எந்தப் படத்தைப் போடலாம் என்று மனம் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தது. இடது பக்கம் திரும்பி எடுத்த அந்தப் படம் நன்றாக இருக்கும். வீட்டில் ஜன்னல் இருந்தது. நிற்கவில்லை, ஆனால் நின்றிருக்கலாம். வாய் திறந்தும்விட்டது.

“விடுங்க!” என்று பள்ளத்துக்குள்ளிருந்து அக்கா கத்தினார். “விடுங்கம்மா! காதுல விழலையா? என் கை உள்ள இருக்கு!”

விட்டாள். பெடலிலிருந்து காலை எடுத்த வேகத்தில் போன் நழுவிப் படிக்கட்டில் உருண்டு கீழே கிரீஸில் விழுந்தது. அதிலிருந்து தலைவர் இன்னும் ஜன்னலைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா கையை உதறிக்கொண்டே எட்டிப் பார்த்தார். “இவ்வளவு நேரம் எதைம்மா பிடிச்சுக்கிட்டு இருந்தீங்க?”

“ஒண்ணுமில்லக்கா,” என்றாள். “சொல்லுங்க, மிதிக்கிறேன்.”